புளிக்கும் கல்

வியாழக்கிழமை கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்.

சுரங்கத்து ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடமாக அவள் அதைத்தான் செய்துவந்தாள். நீள மேசையில் ஏழு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் மிளகளவு நொறுக்கிய கல் ஒரு கிலோ. மூன்று நாள் உலர்ந்த காற்று, மூன்று நாள் ஈரக்காற்று, ஏழாம் நாள் ஒரு லிட்டர் தண்ணீர். வெளியே மேடு மேடாகக் கொட்டிக் கிடக்கும் கழிவுக்கல் மழையிலும் வெயிலிலும் பல வருடம் கிடந்து என்ன ஆகுமோ, அதை ஜாடிக்குள் இருபது வாரத்தில் ஆகவைத்துப் பார்க்கிற வேலை. வடிந்து வரும் தண்ணீரின் புளிப்பை அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஏழு என்றால் சாதுவான தண்ணீர். ஏழிலிருந்து இறங்க இறங்கப் புளிப்பு. நாலுக்குக் கீழே போய்விட்டால் அந்தக் கல்லை மனிதர் புழங்கும் இடத்தில் கொட்டக் கூடாது. அதன் நீர் இரும்பைத் தின்னும், மீனைக் கொல்லும், பார்க்க மட்டும் பளிங்கு போல இருக்கும்.

வீட்டில் நாத்தனார் அவளை ஜாடி என்றுதான் கூப்பிடுவாள். “ஜாடி வந்தாச்சா? கல்லுங்க எல்லாம் வயிறாரக் குடிச்சுதுங்களா?” என்பாள். அவளும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். வாயில்லாத ஒன்றுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அவசரப்படுத்தாத வேலை. தப்பு செய்ய இடமில்லாத வேலை என்றும் நினைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை, ஒன்பதாம் வாரம், நான்காவது ஜாடி மூன்று புள்ளி நான்கு காட்டியது.

மீட்டரின் முனையைக் கழுவி மறுபடி வைத்தாள். மூன்று புள்ளி நான்கு. ஜாடியைக் கையால் தொட்டாள். மற்ற ஆறும் குளிர்ந்திருந்தன. இது மட்டும் சற்று முன் யாரோ பிடித்துவிட்டு வைத்த மாதிரி இருந்தது.

உள்ளறையில் ஆய்வுக்கூடத் தலைவர் இருந்தார். எதையும் புள்ளி வைத்துத்தான் சொல்வார். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டால் பத்தொன்பது புள்ளி ஐந்து என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் புள்ளி சார்.

“சார், நாலாவது இறங்கிடுச்சு.”

“எவ்வளவு?”

“மூணு புள்ளி நாலு.”

“போன வாரம்?”

“அஞ்சு புள்ளி ஒண்ணு. அதுக்கு முன்னாடி ஏழு.”

எழுந்து வந்து ஜாடியின் சீட்டைப் படித்தார். “மேற்கு வெட்டு. இது ரெண்டு வருஷம் முன்னாடி நாம நல்ல கல்லுன்னு எழுதிக் குடுத்ததுல்ல?”

“ஆமா சார்.”

“இருபது வாரமும் ஏழுல நின்னுதே?”

“நின்னுது சார்.”

“கல்லு அதே கல்லு. அப்ப நாமதான் எதையோ மாத்தியிருக்கோம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யோசிச்சுப் பாரு.”

அவள் யோசிக்கத் தேவையில்லாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஏழு என்ற எண்ணை நம்பித்தான் சுரங்கத்தின் மேற்குப் பக்கத்து வெட்டிலிருந்து வந்த கழிவுக்கல்லைத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கொடுத்தார்கள். பள்ளமான நிலம். ஆளுயரத்துக்குக் கல் கொட்டி நிரவி, மேலே முப்பத்திரண்டு வீடுகள் கட்டினார்கள். ஐந்தாவது வீடு அவளுடையது. இப்போது ஊர் ஏரிக்கரையை உயர்த்தவும் அதே கல்லைக் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இந்த இரண்டாவது சோதனை.

மதியம் தேநீருக்குக் கெட்டிலைக் கழுவும்போது விரல் அடியில் பட்டது. வெள்ளையாக, முட்டை ஓடு போலத் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். பெயர்ந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றுவிட்டாள்.

முதல் சோதனையின்போது தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் எந்திரம் மூன்றாம் வாரமே பழுதாகிப்போனது. புது எந்திரம் வர எட்டு மாதம் ஆயிற்று. கல்லைக் காயவிடக் கூடாதே என்று அவள் குழாய்த் தண்ணீரை இந்தக் கெட்டிலில் கொதிக்கவைத்து, புதுத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, மூடி ஆறவைத்து ஊற்றினாள். வீட்டில் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது போல. அதைவிடச் சுத்தம் என்ன இருக்கிறது என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டாள். அந்தப் பகுதித் தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்பு. கொதிக்கவைத்தாலும் துணியில் வடித்தாலும் முழுதாகப் போகாத, புளிப்பை முறிக்கிற சுண்ணாம்பு. புளிக்கப் பார்த்த கல்லின் வாயில் வாராவாரம் தன் கையாலேயே மருந்தை ஊற்றி அடக்கியிருக்கிறாள். பிறகு அது சாது என்று எழுதியிருக்கிறாள்.

புள்ளி சாரிடம் சொன்னாள். அவர் பழைய அறிக்கையை எடுத்து விரித்தார்.

“கீழ கையெழுத்து என்னோடது” என்றார். “தண்ணி எதுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லல.”

“தெரிஞ்சு செய்யல சார்.”

“தெரியும். ஒரு ஜாடி, ஒரு வாரம். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இருபது வாரம் முடியட்டும். அப்புறம் எழுதுவோம்.”

“பதினோரு வாரம் இருக்கு சார். அதுல நாங்க குடியிருக்கோம்.”

“அதனாலதான் சொல்றேன். முப்பத்திரெண்டு வீடும்மா. அவசரப்பட்டு ஒரு வரி எழுதிட்டா யார் எங்க போவாங்க? நீயே எங்க போவ?”

சைக்கிளில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் அந்தக் கேள்வியைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவேளை ஜாடிக்குள் நடப்பது வெளியே நடக்காமலிருக்கலாம். வீட்டுக் கல்லின் மேல் மண் இருக்கிறது, சிமெண்டு இருக்கிறது. கிணறு தள்ளி இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவள், கிணற்றடியில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். அடிவரை தெரிந்தது. கீழே விழுந்த ஒரு சோப்புப் பெட்டியின் மூலைகூடத் தெரிந்தது. போன வருடம் சுவரெல்லாம் பச்சைப் பாசி இருந்தது, இரண்டு தவளைகள் இருந்தன. தண்ணீர் எவ்வளவு தெளிவாகிவிட்டது பார் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவளும் மெச்சினாள். பதினொரு வருடம் புளிப்பை அளந்த பெண்.

உள்ளே நாத்தனார் அடுப்பின் முன்னால் நின்று பால்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“மறுபடியும் திரிஞ்சு போச்சு. கட்டையில போறவன், நேத்துப் பால ஊத்துறான்.”

“பால் மேல தப்பில்ல அண்ணி.”

“பின்ன, என் மேலயா? உன் கல்லுக்கு ஊத்துற நல்ல தண்ணி கொஞ்சம் கொண்டாயேன், அதுலயாச்சும் போட்டுப் பாப்போம்.” பால் கலக்காத தேநீரை நீட்டினாள். அது மை போலக் கறுத்திருந்தது. “குடி. கறுப்பா இருந்தா என்ன, நாமளே கறுப்புத்தான்.”

இந்த நாத்தனார் அவள் கணவனுக்கு அக்கா. நாத்தனாரின் வீட்டுக்காரர் சுரங்கத்தில் துளைபோடுகிறவராக இருந்து, பாறை சரிந்து நாலு வருடத்துக்கு முன் போய்விட்டார். அதிலிருந்து தம்பி வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வலிக்காரி. இந்த வீட்டுக்கு வந்த பிறகு நடு அறையின் வடக்கு மூலையில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயே பாய் போட்டுக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை யாரும் அவளை எழுப்பக் கூடாது. எழுப்பினால் நாள் முழுக்க முகம் கொடுக்க மாட்டாள்.

கணவன் ஆறு மணிக்கு வந்தான். டம்பர் லாரி ஓட்டுகிறவன். தலையோடு குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நிஜமாவா?”

“இதுல விளையாடுவாங்களா?”

“யார்கிட்ட சொன்ன?”

“சார்கிட்ட மட்டும். இருபது வாரம் முடியட்டுங்கறார்.”

“அப்ப முடியட்டும். படிச்ச மனுஷன் சொல்றாருல்ல.”

“என் தப்ப மறைக்க அவருக்கும் ஒரு காரணம் இருக்குங்க.”

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “இந்தப் பள்ளத்த நிரப்பினது யாரு? என் வண்டி. முப்பத்திரெண்டு வீட்டுக்கும் நான்தான் கொட்டினேன். ஒவ்வொருத்தனும் கையப் புடிச்சுக் குலுக்கினான். இப்பப் போய் அது விஷம்னு சொல்லணுமா?”

“நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். வந்து தட்டப் போறது ஒரே கதவத்தானே.”

மூலையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். “என்ன அங்க குசுகுசுன்னு? என்னைய எங்கயாச்சும் தள்ளிவிடப் பாக்குறீங்களா?”

“உன்ன யாருக்கா எடுத்துக்குவாங்க? ஒரு நாள்ல திருப்பி அனுப்பிருவாங்க.”

“போடா. சோத்தத் தின்னு.”

அவள் இன்னும் குரலைத் தாழ்த்தினாள். “அந்த மூல ஏன் சூடா இருக்குன்னு நெனச்சீங்க?”

“வெயில் படுற சுவரு.”

“வடக்குச் சுவருங்க அது. வெயில் எங்க படுது?”

அவன் விரலால் தட்டில் கோடு போட்டான். பிறகு, அவளுக்குப் பதில் சொல்வது போல இல்லாமல், தானாகப் பேசினான். “கழிவுக்கல்லு கொட்டுற மேடும் சூடாத்தான் இருக்கும். விடியக்காலையில ஆவி கிளம்பும். மூச்சு விடுதுன்னு சொல்லிக்குவோம். மேட்டடிப் பள்ளத்துல இறங்கணும்னா முதல்ல தீக்குச்சியக் கிழிச்சுக் கீழ நீட்டணும். எரிஞ்சா இறங்கலாம். அணைஞ்சா திரும்பிரணும். மழை மூட்டம்னா இறங்கவே கூடாது.”

“ஏன்?”

“யாருக்குத் தெரியும்? புதுசா வந்த டிரைவர் ஒருத்தன் அப்படித்தான், மூட்டத்துல, பேச்சக் கேக்காம இறங்கினான். போய்ப் பாத்தா சாஞ்சு உக்காந்திருந்தான். தூங்குற மாதிரி. மூஞ்சியில ஒரு சிரிப்பு வேற.”

கை கழுவ எழுந்துபோனான்.

சில விஷயங்களை மனிதர்கள் அறிந்துகொள்கிற கணத்துக்கு ஒரு விரல் முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவள் அன்று அப்படித்தான் நிறுத்தினாள். நாத்தனாரின் பாயைச் சற்று இழுத்து வாசல் பக்கமாகப் போட்டுப் பார்த்தாள். “என்ன வேலை இது?” என்று கேட்டு நாத்தனார் அதைப் பழையபடி இழுத்துக்கொண்டாள். அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்தே வானம் தாழ்ந்திருந்தது. காற்று அசையவில்லை. ஆய்வுக்கூடத்துச் சுவரில் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கருவி ஒன்று உண்டு. மதியம் இரண்டு மணிக்கு அதைப் பார்த்து எழுதுவது அவள் பொறுப்பு. முள் அவள் இதுவரை எழுதாத இடத்துக்கு இறங்கியிருந்தது.

பேனாவை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். கல் புளிப்பதற்குக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது எரிகிற மாதிரிதான், அதனால்தான் சூடு. கல் தின்று மிச்சம் வைக்கிற காற்று மூச்சுக்கு ஆகாது. கனத்துப்போய் இடுக்குகளுக்குள் கிடக்கும். வெளியே அழுத்தம் நன்றாக இருக்கும்வரை உள்ளேயே அடங்கிக் கிடக்கும். அழுத்தம் இறங்கினால் வெளியே வரும். வந்து தரையோடு தரையாகப் படுக்கும்.

மணி பார்த்தாள். இரண்டு இருபது. நாத்தனார் படுத்திருக்கும் நேரம்.

நோட்டைத் திறந்து, முதல் சோதனையின் பக்கத்தைத் தேடி, குறுக்கே எழுதினாள்: “இந்த எண்கள் தவறு. கழுவியது குழாய்த் தண்ணீர். தவறு என்னுடையது.” கீழே கையெழுத்துப் போட்டாள். அதை அப்படியே திறந்தபடி புள்ளி சாரின் மேசை மேல் வைத்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“வீட்டுக்கு சார். முள்ளப் பாருங்க. குடியிருப்புக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லுங்க.”

அவர் பக்கத்தைப் படித்தார். பிறகு நிமிர்ந்து முள்ளைப் பார்த்தார். புள்ளி வைத்து எதுவும் சொல்லாமல் தொலைபேசியை எடுத்தார்.

சைக்கிளை அவ்வளவு வேகமாக அவள் ஓட்டியதில்லை. அடக்கிய இருமல் போல வானம் எங்கோ ஒருமுறை உறுமியது. குடியிருப்புக்குள் நுழைந்ததும் தானாகவே வேகம் குறைந்தது. இரவு ஷிப்டு முடித்த ஆண்களும் சமையல் முடித்த பெண்களும் உறங்குகிற நேரம். மழை வரும் என்று எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். முப்பத்திரண்டு கதவுகளும் மூடியிருந்தன. நாய் குரைக்கவில்லை. தெருமுனை நாய் ஒரு வீட்டுப் படியில் படுத்திருந்தது. அவள் கடந்தபோது தலையைத் தூக்கவில்லை.

தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே வாசனை எதுவும் இல்லை. அடுப்பங்கரையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவந்து ஒரு குச்சியைக் கிழித்தாள். மார்புக்கு நேரே நன்றாக எரிந்தது. குனிந்து கீழே கொண்டுபோனாள். முழங்காலுக்குக் கீழே, யாரோ இரண்டு விரலால் கிள்ளியது போல, சுடர் அணைந்தது. புகைகூட மேலே வரவில்லை. தண்ணீர் மட்டம் போல அங்கே ஒரு மட்டம் இருந்தது. அந்த மட்டத்துக்கு அடியில், வடக்கு மூலையில், நாத்தனார் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. முகத்தில் சிரிப்பு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பாயோடு சேர்த்து இழுத்தாள். நிலைப்படியில் பாய் சிக்கியது. பாயை விட்டுவிட்டு அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்துப் போட்டாள். கன்னத்தில் அறைந்தாள். இத்தனை வருடத்தில் தான் ஒருமுறைகூடக் குரல் உயர்த்திப் பேசியிராத அண்ணியை இரண்டு, மூன்று, நாலு அறை.

நாத்தனார் இழுத்து ஒரு மூச்சு விட்டாள். இன்னொன்று. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்ததும் முகம் கோணியது.

“ஏண்டி எழுப்பின?”

“அண்ணி, மூச்ச இழுங்க. நல்லா இழுங்க.”

“ஏண்டி எழுப்பின பாவி. பக்கத்துலயே உக்காந்திருந்தார்.”

“யாரு?”

“யாரா? அவர்தான். தினம் வர்றார். புருவமெல்லாம் கல்லுத் தூசி. பாயோரமா உக்காந்து என் முட்டியப் புடிச்சு விடுறார். பேச வாயெடுக்குறார், அதுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் எழுப்பித் தொலைக்கிறீங்க.” அழுதாள். “இன்னைக்கு ரொம்ப நேரம் இருந்தார்.”

அவள் நாத்தனாரின் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். காற்றில் ஒன்று குறைந்தால் மூளை இப்படியெல்லாம் காட்டும் என்று சொல்லலாம். அது உண்மைதான்.

“அது கெட்ட காத்து அண்ணி. தரைக்குள்ளேருந்து வருது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நீங்க செத்திருப்பீங்க.”

“செத்திருந்தா பேசியிருப்பார்ல.”

“மத்த வீட்டுலயும் படுத்திருக்காங்க அண்ணி.”

நாத்தனார் தெருவைப் பார்த்தாள். மூடிய கதவுகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். முகத்திலிருந்த கோபம் மெல்ல வேறொன்றாக மாறியது. சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். உடனே மறுபடி உட்கார்ந்தாள். “நீ அந்தப் பக்கம் போ” என்றாள். “எனக்கு நடக்க வராது. நான் இங்கேருந்து கத்துறேன். என் தொண்டைக்கு என்ன கேடு.”

அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கையால், பிறகு செருப்பால், பிறகு யாரோ போட்டுவைத்திருந்த செங்கல்லால். பின்னால் நாத்தனாரின் குரல் பேர் சொல்லாமல் உறவு சொல்லித் திட்டிக்கொண்டே வந்தது. சில வீடுகளில் உடனே எழுந்தார்கள். கட்டிலில் படுத்தவர்கள் எளிதாக எழுந்தார்கள். தரையில் படுத்தவர்களைக் கட்டிலில் படுத்தவர்கள் இழுத்து வந்தார்கள். பதினாறாம் வீட்டுக் கதவை நாலு பேர் சேர்ந்து உடைத்தார்கள். பாதி தூக்கத்தில் எழுந்த எல்லோரும் அவளை ஒரே மாதிரி முறைத்தார்கள். தட்டி எழுப்பியவர்களை முறைக்கிற சாதாரண முறைப்பு இல்லை அது. அவளுக்கு அப்போது புரியவில்லை.

மழை தூற ஆரம்பித்தபோது குடியிருப்பு முழுவதும் தெருவில் நின்றது. எண்ணிப் பார்த்தார்கள். வேலைக்குப் போனவர்கள் தவிர எல்லோரும் இருந்தார்கள். தொலைவில் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது.

அவள் ஒரு வீட்டு வாசலில் நின்று குச்சியைக் கிழித்துத் தரைக்கு நீட்டிக் காட்டினாள். அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். அதுவும் அணைந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பத்தாம் வீட்டுப் பெண் தலைமுடியை அள்ளி முடிந்தபடி, யாரிடம் என்றில்லாமல், “எங்கம்மா வந்திருந்தாங்க” என்றாள்.

அந்தப் பெண்ணின் கணவன் திரும்பிப் பார்த்தான். “உனக்குமா?”

“உங்களுக்கு யாரு?”

அவன் சொல்லவில்லை. ஆனால் இன்னொருவர் தன் அண்ணன் என்றார். ஒருத்தி, பிறந்து மூன்றாம் நாள் போன பிள்ளை, இப்போது இவ்வளவு உயரம் என்று கையால் காட்டினாள். மத்தியானத் தூக்கம் இங்கே இவ்வளவு நன்றாக வருகிறதே என்று ஒரு வருடமாக எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் வருகிறார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வராமல் போய்விடுவார்களோ என்று இருந்திருக்கும்.

அவள் தெரு நடுவில் வந்து நின்றாள்.

“இது என் தப்பு” என்றாள். “இந்தக் கல்ல நல்ல கல்லுன்னு சோதிச்சு எழுதினது நான். தப்பான தண்ணி ஊத்திச் சோதிச்சேன். அப்பத் தெரியாது. நேத்துத் தெரிஞ்சுது. நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல. இனிமே யாரும் இதுல இருக்கக் கூடாது. கிணத்துத் தண்ணியும் குடிக்கக் கூடாது. வீடு போகும். எல்லார் வீடும். எங்க வீடும்.”

என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நின்றாள். கல்லெறிந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. மழையில் நனைந்தபடி, அவரவர் வீட்டின் திறந்த கதவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வீட்டு வெல்டர் மட்டும் அவளிடம் வந்தான். பெரிய உருவம். போன வருடம் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். இன்னும் உதட்டில் நிறம் திரும்பவில்லை. அடிக்கத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள். நகரவில்லை.

அவன் மிக மெதுவாக, கெஞ்சுகிற குரலில் கேட்டான்.

“இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுத் தட்டியிருக்கக் கூடாதா? இன்னைக்குத்தான் அவ வாயத் திறந்தா.”